மழையில்லாத ஜூனில் ஆற்றில் ஏது தண்ணீர்?

ஜூன் மாதம். திருநெல்வேலியில் வெயில் கொளுத்துகிறது. மேலக்காற்று தெருப் புழுதியை அள்ளி முகத்தில் அடிக்கிறது. மழை பேருக்குக்கூட இல்லை. ஆனால் தாமிரபரணியில் நாளுக்கு நாள் தண்ணீர் ஏறுகிறது! விவசாயிகள் கார் பருவ நெல்லுக்கு வயலை உழ ஆரம்பித்துவிட்டார்கள். எங்கிருந்து வந்தது இந்தத் தண்ணீர்?

மேற்கே மலையைப் பாருங்கள். அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து, மேகமாகி, மழையாகக் கொட்டுகிறது. அதுதான் தென்மேற்குப் பருவமழை. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அதே காற்று சூடேறிக் காய்ந்துவிடும். அதனால்தான் நெல்லையில் வெறும் காற்று. ஆனால் மலைமுகட்டில் பெய்யும் மழையில் ஒரு பங்கு கிழக்குச் சரிவில் விழுகிறதே, அது நம் பங்கு!

அந்தச் சரிவில், பொதிகை மலையில், தாமிரபரணி பிறக்கிறது. அங்கே இருப்பது அடர்ந்த சோலைக்காடு. சருகும் வேரும் மண்ணும் மழைநீரைப் பிடித்து வைத்து, மழை விட்ட பிறகும் மெல்ல மெல்லக் கசியவிடும். பேயாறு, உள்ளாறு, பாம்பாறு, காரையாறு, சேர்வலாறு எல்லாம் மலைக்குள்ளேயே வந்து சேர்ந்துவிடுகின்றன. பாபநாசத்தில் ஆறு சமவெளிக்கு இறங்குகிறது.

இனி வருகிற துணையாறுகளுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆறு ஓடும் திசையைப் பார்த்து நில்லுங்கள். இடது கைப்பக்கம் இடக்கரை, வலது கைப்பக்கம் வலக்கரை. மணிமுத்தாறும் பச்சையாறும் வலக்கரையில் சேர்பவை. கடனா நதி இடக்கரைக்காரர்; திருப்புடைமருதூரில் வந்து கலக்கிறார்.

குற்றாலத்தில் குளித்திருக்கிறீர்களா? தலையில் மொத்து மொத்தென்று விழுந்த அந்தத் தண்ணீர் சிற்றாறு. தென்காசி வழியாகக் கிழக்கே ஓடி, சீவலப்பேரியில் இடக்கரையில் சேர்கிறது. சீவலப்பேரி இருப்பது திருநெல்வேலியைத் தாண்டி. ஆகவே நெல்லை ஆற்றுப்பாலத்தில் நின்று கீழே பார்த்தால், ஓடுகிற தண்ணீரில் சிற்றாறு இன்னும் கலந்திருக்காது. உள்ளூர்க்காரர்களிலேயே பலர் இதை யோசித்திருக்க மாட்டார்கள்!

ஐப்பசி பிறந்தால் காற்று திசை மாறும். இப்போது வங்கக்கடல் பக்கமிருந்து வடகிழக்குப் பருவமழை. 1958-இல் கட்டி முடித்த மணிமுத்தாறு அணை பெரும்பாலும் இந்த மழையை நம்பித்தான் நிரம்புகிறது. இந்தத் தண்ணீரில்தான் பிசான நெல் விளையும். ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் பெருவெள்ளத்தில் முங்கிவிடும். வெள்ளம் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுப் பூசையைத் தொடங்குவார்கள். ஆக, 130 கிலோமீட்டர்கூட நீளமில்லாத இந்த ஆற்றுக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். வற்றாத ஜீவநதி என்ற பெயர் சும்மா வரவில்லை.

வழியில் எட்டு அணைக்கட்டுகள் தண்ணீரை வாய்க்கால்களுக்குப் பிரித்துவிடுகின்றன. கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அதைத் தாண்டிப் புன்னைக்காயல் அருகே ஆறு மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. தண்ணீரோடு வண்டலும் வருமல்லவா? கடற்கரையை எட்டியதும் வேகம் குறைந்து, வண்டல் அடியில் படியும். இப்படிப் படிந்து படிந்து புதுநிலம் உருவாகும். பாண்டியர் காலத்தில் முத்துக்குப் பேர்போன துறைமுகம் கொற்கை. இன்று அந்த ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பல கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும். கப்பல் நின்ற ஊரைச் சுற்றி இப்போது வயல்கள்!