பறித்தலும் படித்தலும்

ஐரோப்பாவில் இத்தாலிக்குக் கிழக்கே ஸ்லோவீனியா என்றொரு சிறு நாடு உண்டு. அந்நாட்டு மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ இருபது இலட்சம் பேரே. அவர்களுள் ஒருவர் ‘பெரெம்’ என்பாராயின், அவர் கையில் இருப்பது யாதெனப் பார்த்தே பொருள் கொள்ளல் வேண்டும். செர்ரிப் பழமாயின் ‘பறிக்கிறேன்’ என்பது பொருள். புத்தகமாயின் ‘படிக்கிறேன்’ என்பது பொருள். வினை ஒன்றே: ‘பிராத்தி’.

இவ்வினை ஸ்லாவிய மொழிகள் பலவற்றுக்கும் பொதுச்சொத்து. ரஷ்ய மொழியில் எடுத்தல் என்றும், குரோவேஷிய மொழியில் பறித்தல் என்றும் பொருள்படும். அதன் ஆதிவேர் சுமத்தலைக் குறிப்பது. வடமொழி வழியே நாம் பெற்ற ‘பாரம்’ என்னும் சொல்லும் அவ்வேரிற் கிளைத்ததே. ஆயின் படித்தலுக்கு ரஷ்யரும் குரோவேஷியரும் வேறொரு வினையை வழங்குவர். அது எண்ணுதல், கருதுதல் என்னும் பொருளிலிருந்து வந்தது. நம் ‘சித்தம்’ அதற்குத் தூரத்து உறவு என்பர் மொழியறிஞர்.

அவ்வாறாயின், ஸ்லோவீனியருக்கு மட்டும் பறித்தல் எங்ஙனம் படித்தலாயிற்று? அண்டை வீட்டாரே காரணம். இலத்தீன் மொழியின் ‘லெகெரே’ திரட்டுதலையும் படித்தலையும் ஒருங்கே குறிக்கும். ஜெர்மானியரின் ‘லேசன்’ என்பதும் அத்தகையதே. திராட்சை அறுவடையும் அவர்க்கு ஒருவகை ‘லேசன்’தான். ஸ்லோவீனியர் 1918 வரை பல நூற்றாண்டுகள் ஹாப்ஸ்பர்க் ஆட்சியின்கீழ் வாழ்ந்தனர். எழுத்தறிந்தவர்க்கு ஜெர்மன் இன்றியமையாததாயிற்று. அவர்கள் ஜெர்மன் சொல்லைக் கடன் வாங்கவில்லை. அதன் பொருளை மட்டும் வாங்கித் தம் சொல்லின்மேல் ஏற்றினர். எழுத்தெழுத்தாகக் கண்ணாற் பொறுக்கிச் சேர்ப்பதுதானே படிப்பு!

1550-இல் பிரிமோஷ் துரூபார் என்னும் சமய போதகர், ஸ்லோவீனிய மொழியின் முதல் அச்சு நூல்களை ஜெர்மனியில் வெளியிட்டார். அவற்றுள் ஒன்று அரிச்சுவடி. இளைஞரும் எளியோரும் விரைவிற் படிக்கக் கற்கலாம் என்று அதன் முகப்பே கூறுகிறது; அங்குப் படித்தலுக்கு அவர் இட்ட சொல் ‘பிராத்தி’யே. ஒரு மக்களின் முதல் அரிச்சுவடியே அயலார் பொருளேறிய சொல்லோடு தொடங்கியது.

பின்னர்த் தேசிய உணர்ச்சி எழுந்தது. 1861-இல் திரியெஸ்தே, மாரிபோர், லியுப்லியானா ஆகிய நகரங்களில் படிப்பகச் சங்கங்கள் தோன்றின. அவற்றுக்கு இட்ட ‘சித்தால்னித்ஸா’ என்னும் பெயர், ஸ்லாவியர் பிறர் வழங்கும் அந்த மற்றை வினையினின்று ஆக்கப்பட்டது. இன்றும் படிப்பகத்தின் பெயர் அதுவே. அதனுள்ளே அமர்ந்து மக்கள் செய்வதோ பெரும்பாலும் ‘பிராத்தி’!

இவ்வரலாறு நம் தொழிலையும் தொடுகிறது. ‘நடவடிக்கை எடுத்தல்’ என்பது ஆங்கிலத் தொடரின் நேர்பெயர்ப்பு. தமிழர் நடவடிக்கையை எங்கிருந்து எடுப்பர்? அலுவலகத்தில் அத்தொடரைக் கண்டபோதெல்லாம் அடித்துவிட்டு ‘ஆவன செய்தல்’ என்று எழுதிவந்தோம். வேற்று மாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நேயர்களும், அவர்தம் தமிழில் இந்தியின் சாயலோ மராத்தியின் சாயலோ கண்டு இவ்வாறே திருத்துவதுண்டு. எழுநூறு வீட்டுக்கு ஒரு பென்சில் போதாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் கை சும்மா இருப்பதில்லை.

சென்ற வாரம் வந்த கோப்பொன்றில் அத்தொடர் இருமுறை இருந்தது. முதலாவதை விட்டுவைத்தோம். இரண்டாவதை அடித்தோம்.