செத்த கிடாரியோடு வந்த விவசாயி!

'ஆராய்ச்சி எல்லாம் பல்கலைக்கழகத்தோடு நின்றுவிடுகிறது. வயலுக்கு வருவதில்லை' என்பது விவசாயிகளின் பழைய குறை. இதற்கு வழிகண்டவர்கள், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக முன்னாள் மாணவர்கள்.

அங்கே பேராசிரியர் ஹாரி ஸ்டீன்பாக், புறஊதாக் கதிர் பட்ட உணவில் வைட்டமின் டி கூடுவதைக் கண்டறிந்தார். அதன் காப்புரிமை பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கே பயன்பட வேண்டும் என்று விரும்பினார். 1925-ல் முன்னாள் மாணவர்கள் 9 பேர் தலைக்கு 100 டாலர் போட்டு, 'வார்ஃப்' என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கி, கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்து, வரும் பணத்தை மறுபடியும் ஆராய்ச்சிக்கே தருவதுதான் அதன் வேலை.

1933 பிப்ரவரியில், கொட்டும் பனியில் சுமார் 300 கி.மீ. கடந்து ஒரு விவசாயி அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வண்டியில் செத்த கிடாரி, பால் கேனில் உறையாத ரத்தம், கெட்டுப்போன தீவனம். பேராசிரியர் கார்ல் பால் லிங்க் குழுவினர் பல ஆண்டுகள் ஆராய்ந்து, பூசணம் பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனத்தில் ரத்தத்தை உறையவிடாத பொருள் உண்டாவதைக் கண்டுபிடித்தார்கள். வார்ஃப் நிதியில் தொடர்ந்த இந்த ஆராய்ச்சியில் பிறந்ததுதான் 'வார்ஃபரின்'. அறக்கட்டளையின் பெயரே மருந்துக்கும் வந்தது. 1948-ல் எலி மருந்தாகவும், பிறகு மனிதர்களுக்கு ரத்தக்கட்டைத் தடுக்கும் மருந்தாகவும் விற்பனைக்கு வந்தது.

விஞ்ஞானி, காப்புரிமை தெரிந்தவர், கம்பெனி, விவசாயி என நாலு பேரும் சேர்ந்ததால்தான் இது நடந்தது. அந்த விவசாயி வெறுங்கையோடு வரவில்லை. நீங்களும் பாதித்த செடியையோ தீவனத்தையோ எடுத்துக்கொண்டே வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள். பூசணம் பிடித்த தீவனத்தை மட்டும் மாட்டுக்குப் போடாதீர்கள்!