நீர்த் தொழில்நுட்பமும் துணிகர மூலதனமும்: சித்தூர், திருப்பதிப் பகுதிகள் தரும் படிப்பினை

அருமையான பொருளுக்கு விலை மிகும் என்பது வணிக நூலின் முதற் பாடமாகும். நீரோ அந்தப் பாடத்திற்கு எளிதில் அடங்குவதில்லை. நீர் மிகவும் அரிதாயுள்ள ஊர்களிலும், வயலுக்குப் பாயும் நீருக்கு உழவர் விலை கொடுப்பது அபூர்வம். நீரைச் சேமிக்கவும் தூய்மைப்படுத்தவும் புதிய கருவிகளைச் செய்ய முன்வருவோர் சந்திக்கும் முதற் சிக்கல் இதுவே. விலையில்லாத ஒன்றை மிச்சப்படுத்தும் சாதனத்திற்கு யார் பணம் கொடுப்பார்? அச்சாதனத்தை உருவாக்கும் முயற்சிக்கு முதல் பணத்தை யார் இடுவார்? இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியிலுள்ள சித்தூர், திருப்பதிப் பகுதிகள் மிகவும் ஏற்றவை.

நிலத்தின் இயல்பு

1911-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பழைய சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரலில் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இராயலசீமையைச் சேர்ந்த இப்பகுதியில் கிழக்கே வடகிழக்குப் பருவமழை ஓரளவு பெய்கின்றது. மேற்கே செல்லச் செல்ல மழை குறைகின்றது. சுவர்ணமுகி முதலிய ஆறுகள் மழைக் காலத்தில் மட்டுமே ஓடுவன. ஆகையால் முன்னோர் ஆயிரக்கணக்கான சிறு ஏரிகளை அமைத்து மழைநீரைத் தேக்கினர். ஏரிகள் தூர்ந்தபின் கிணறுகளும், கிணறுகள் வற்றியபின் ஆழ்துளைக் கிணறுகளும் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

இங்கு நிலத்தின் அடியிலிருப்பது பெரும்பாலும் கருங்கல் இனத்தைச் சேர்ந்த கடினப் பாறை. ஆற்றுப் படுகை மணலைப் போல இப்பாறை நீரை எங்கும் பரவலாகத் தேக்கி வைப்பதில்லை. மேலேயுள்ள சிதைந்த அடுக்கிலும், கீழேயுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்குகின்றது. துளையிடும் குழாய் ஒரு வெடிப்பைச் சந்தித்தால் நீர் பெருகும். சற்றுத் தள்ளி இட்ட மற்றொரு துளையில் தூசியே பறக்கும். பல நூறு அடி ஆழம் சென்று துளை வறண்டு போனால், செலவிட்ட பணம் முழுவதும் உழவரையே சாரும். துளையிட்ட வண்டிக்காரருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். கடன் கொடுத்தவருக்கு வட்டியும் கட்டியாக வேண்டும்.

எனவே இப்பகுதியில் நீருக்காகத் துணிந்து முதலிடுவோர் யாரெனில், ஓரிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் உழவர்களே எனலாம்.

துணிகர மூலதனம் என்பது யாது?

வங்கிக் கடனுக்கு ஈடு வேண்டும்; தவணை தவறாமல் திருப்பிக் கட்டவும் வேண்டும். இன்னும் சந்தைக்கு வராத புதிய கருவி ஒன்றை உருவாக்குபவரிடம் ஈடாக வைக்க ஒன்றுமிராது. அத்தகையோரின் தொழிலில் பங்கு பெற்றுக்கொண்டு, நட்டத்திற்கும் துணிந்து இடப்படும் பணமே துணிகர மூலதனம். இம்முதலீட்டாளர் பத்து இருபது முயற்சிகளில் பணத்தைப் பகிர்ந்து இடுவர். பல முயற்சிகள் தோற்றாலும், வெற்றிபெறும் ஒன்றிரண்டு அந்த நட்டத்தை ஈடுசெய்து இலாபமும் தரும் என்பது அவர்களுடைய கணக்கு. ஒரே நிலத்தில் ஒரே துளையிடும் உழவருக்கு இவ்வாறு இடரைப் பகிரும் வசதி இல்லை என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆயினும் நீர்த்துறையில் இத்தகைய மூலதனம் தயக்கத்துடனேயே நுழைகின்றது. அதற்குக் காரணங்கள் மூன்று. நீரின் விலை குறைவு. ஆதலால் கருவியால் கிடைக்கும் பயனைப் பணமாக மாற்றுவது கடினம். வாங்குவோர் பெரும்பாலும் நகராட்சிகளும் அரசுத் துறைகளும் சிறு உழவர்களுமே. முன்னவர் முடிவெடுக்கக் காலம் எடுப்பர், பின்னவரிடம் ரொக்கம் இராது. மூன்றாவதாக, ஆய்வுக்கூடத்தில் வெற்றி கண்ட முறை வயலிலும் ஊரிலும் நிலைபெறப் பல ஆண்டுகள் ஆகின்றன.

சொட்டுநீர்ப் பாசனத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று. இஸ்ரேலியப் பொறியாளர் சிம்கா பிளாஸ் பிளாஸ்டிக் சொட்டுவானை வடிவமைத்தார். அதனைச் செய்து விற்க 1965-இல் நெகேவ் பாலைவனத்திலுள்ள ஹத்ஸெரிம் கூட்டுப்பண்ணை நெட்டாஃபிம் நிறுவனத்தைத் தொடங்கியது. பெர்மிரா என்னும் முதலீட்டு நிறுவனம் அதில் பெரும்பங்கை வாங்கியது 2011-இல்தான். 2018-இல் மெக்சிகோ நாட்டு நிறுவனம் ஒன்று நூற்றுக்கு எண்பது பங்கை வாங்கிக்கொண்டது. முதற் சொட்டுக்கும் பெரும் பணத்திற்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்த இடைக்காலத்தைத் தாங்கியது பண்ணைக் கூட்டத்தாரின் பொறுமையேயாகும்.

நம் நாட்டிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழுவினர், உலோக நுண்துகள்களைக் கொண்டு குடிநீரிலுள்ள பூச்சிக்கொல்லி எச்சங்களை நீக்கும் முறையைக் கண்டனர். இம்முறையைக் கொண்ட வடிகலம் 2007-இல் சந்தைக்கு வந்தது. பின்னர் ஆர்சனிக் நஞ்சை நீக்கும் முறையும் உருவாயிற்று. அக்குழுவின் ஆராய்ச்சியினின்றும் தோன்றிய இன்னோநானோ ரிசர்ச் என்னும் நிறுவனத்திற்கு 2016-இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்று 1 கோடியே 80 இலட்சம் டாலர் முதலீட்டை அறிவித்தது. பொதுப் பணத்தால் நடந்த பல்லாண்டு ஆராய்ச்சிக்குப் பின்னரே தனியார் பணம் வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

குப்பத்துச் சோதனை

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், தமிழ்நாடும் கருநாடகமும் சந்திக்கும் எல்லையருகே குப்பம் உள்ளது. 1990-களின் பிற்பகுதியில் இங்கு இஸ்ரேலியத் தொழில்நுட்பத்துடன் சொட்டுநீர்ப் பாசனச் செயல்விளக்கத் திட்டம் ஒன்றை ஆந்திர அரசு மேற்கொண்டது. சிறு உழவர்களின் நிலங்களை ஒன்றிணைத்து, பொதுவான நீரேற்று நிலையத்தினின்றும் குழாய் வழியே நீரும் உரமும் செலுத்தப்பட்டன.

இம்முறையின் தத்துவம் எளிது. சொட்டுவானின் உள்ளே வளைந்து வளைந்து செல்லும் நுண்பாதை நீரின் வேகத்தைத் தணிக்கின்றது. மணிக்கு இரண்டு அல்லது நான்கு லிட்டர் அளவில் நீர் வேரடியில் சொட்டுகின்றது. வாய்க்கால் பாசனத்தில் ஆவியாகியும் கசிந்தும் வீணாகும் நீரின் பெரும்பகுதி இதனால் மிஞ்சுகின்றது. ஆனால் நுண்பாதை மண்ணாலும் சுண்ணாம்பு உப்பாலும் அடைபடக்கூடும். வடிகட்டியைக் கழுவுவதும், அவ்வப்போது அமிலநீர் செலுத்திக் குழாயைச் சுத்தம் செய்வதும் தவிர்க்க இயலாதவை.

குப்பத்தில் விளைச்சல் கூடிற்று. எனினும் ஏக்கருக்கு ஆன செலவு சாதாரண உழவர் தாங்கக்கூடியதன்று என்ற விமரிசனமும் எழுந்தது. செயல்விளக்கப் பண்ணை வேறு, சந்தை வேறு என்பது அங்கு தெளிவாயிற்று. 2003-இல் ஆந்திர அரசு தொடங்கிய நுண்ணீர்ப் பாசனத் திட்டம் வேறு வழியில் சென்றது. கருவியின் விலையில் பெரும்பகுதியை அரசு மானியமாக ஏற்க, எஞ்சியதை உழவர் செலுத்தினார். நிறுவனங்கள் கருவியைப் பொருத்திக் கொடுத்துப் பராமரிப்புக்கும் பொறுப்பேற்றன. மாந்தோப்புகளும் தக்காளித் தோட்டங்களும் சொட்டுநீருக்கு மாறத் தொடங்கின. ஆனால் மானியத்தால் வளர்ந்த சந்தைக்கு ஒரு பலவீனம் உண்டு. அரசுப் பணம் தாமதமாகும்போது நிறுவனத்தின் மூலதனம் முடங்குகின்றது. புதிய ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய தொகையே முதலில் குறைகின்றது.

மிஞ்சிய நீர் எங்கே செல்கின்றது?

2004-இல் ஆந்திரத்தில் உழவர்களுக்கு இலவச மின்சாரம் வழங்கப்பட்டது. இதனால் துன்பத்திலிருந்த குடும்பங்கள் பல ஆறுதல் அடைந்தன என்பதில் ஐயமில்லை. ஆயின் நீரை இறைக்கும் செலவு இல்லாதபோது, சொட்டுநீரால் மிஞ்சிய நீரை உழவர் நிலத்தடியில் விட்டுவைப்பதில்லை. அடுத்த அரை ஏக்கரில் பயிரிடுகின்றார். அவருடைய வருமானம் கூடுகின்றது, நீர்மட்டமோ உயர்வதில்லை. கருவி மட்டும் நீரைக் காப்பாற்றாது என்பதற்கு இதுவே விளக்கம். கிணறு தோண்டுவதை ஒழுங்குபடுத்த 2002-இல் நீர், நிலம், மரங்கள் சட்டம் இயற்றப்பட்டது. சிதறிக் கிடக்கும் எண்ணற்ற கிணறுகளை அதிகாரிகள் கண்காணிப்பது எளிதன்று.

இங்குதான் செலவு குறைந்த ஒரு புதுமை பயன்பட்டது. ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனத்தின் துணையுடன் சித்தூர் உள்ளிட்ட ஏழு மாவட்டங்களில் உழவர் நிலத்தடிநீர் மேலாண்மைத் திட்டம் நடைபெற்றது. மழைமானியையும் நீர்மட்டம் அளக்கும் கருவியையும் உழவரே கையாண்டனர். பருவத் தொடக்கத்தில் ஊரார் கூடி, கையிருப்பு நீர் இவ்வளவு, பயிருக்குத் தேவை இவ்வளவு என்று வரவு செலவுக் கணக்கிட்டனர். எவரும் எந்தப் பயிரையும் தடை செய்யவில்லை. கணக்கைக் கண்ட பலர் தாமாகவே நெல்லைக் குறைத்து, நீர் குறைவாக வேண்டும் பயிர்களுக்கு மாறினர். இம்முயற்சியில் விற்பதற்குரிய சரக்கு ஒன்றும் இல்லாமையால் துணிகர மூலதனம் இதனை நாடாது. ஆனால் விலையுயர்ந்த கருவிகள் பயன்தர இத்தகைய அடிப்படை இன்றியமையாதது.

திருப்பதியின் தேவை

திருப்பதியின் நிலை வேறு. திருமலைக்கு நாள்தோறும் பல்லாயிரவர் வருகின்றனர். மலைமேல் கோகர்ப்பம், பாபவிநாசம், ஆகாச கங்கை, குமாரதாரை, பசுபுதாரை ஆகிய நீர்த்தேக்கங்கள் உள்ளன. அடிவாரத்தில் கல்யாணி அணையும், தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கண்டலேறு நீரும் நகரத்திற்கு உதவுகின்றன. மழை பொய்க்கும் ஆண்டில் இவையனைத்தும் ஒருசேர வற்றக்கூடும். பக்தர்களுக்குத் தூய்மையாக்கிய குடிநீரை இலவசமாக வழங்கும் ‘ஜலப்பிரசாதம்’ நிலையங்களைத் தேவஸ்தானம் நடத்திவருகின்றது.

இங்கு நீரின் தேவை ஓரிடத்தில் திரண்டுள்ளது, வாங்குவோரும் வலிமையுடையவர். கழிவுநீரைத் தூய்மைப்படுத்தி மறுபடி பயன்படுத்துதல், குழாய்க் கசிவைக் கண்டறிதல், எதிர்ச் சவ்வூடு முறையில் வெளியேறும் உப்புநீரைக் குறைத்தல் ஆகிய துறைகளில் இளம் நிறுவனங்கள் தம் கருவிகளைச் சோதிக்க இதைவிட வாய்ப்பான இடம் அரிது. 2015-இல் திருப்பதியில் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அண்மையில் இருப்பதும் ஒரு வசதியே.

செய்யத்தக்கன

மேற்கண்ட வரலாறுகளினின்றும் சில முடிவுகளுக்கு வரலாம். புதிய நீர்க் கருவிக்கு அரசும் பெரிய நிறுவனங்களும் முதல் வாடிக்கையாளராக அமைந்து, காலந்தாழ்த்தாது பணம் தருதல் வேண்டும். பொருத்தப்பட்ட கருவிகளின் எண்ணிக்கைக்கன்றி, சில ஆண்டுகள் கழித்தும் வேலை செய்யும் கருவிகளுக்கு மானியம் அளித்தல் நலம். வறண்டு போகும் துளையின் நட்டத்தை ஒரே குடும்பத்தின் தலையில் சுமத்தாது, ஊரார் கூட்டாகப் பகிர்ந்து கொள்ளும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். ஒரு கிணற்று நீரைப் பல வயல்களுக்குக் குழாயில் பகிர்ந்து கொள்வது அதற்கு ஒரு வழி. புதிய துளைகளின் எண்ணிக்கையும் அதனால் குறையும்.