மீண்டும் வளராத கவசம்

மனித உடலில் மிகவும் கடினமான பொருள் எது என்று கேட்டால், பலரும் எலும்பு என்றே விடையளிப்பர். உண்மையில் அந்தப் பெருமை பல்லின் மேற்பகுதியைப் போர்த்தியிருக்கும் பற்சிப்பிக்கே உரியது. எனாமல் என்றும் அழைக்கப்படும் இப்படலம் எலும்பைக் காட்டிலும் கடினமானது. முறுக்கைக் கடிப்பதும் கரும்பை மெல்லுவதும் இதன் வலிமையால்தான் இயலுகின்றன. ஆயினும் இக்கவசத்திற்கு ஒரு பெருங்குறை உண்டு. கையில் கீறல் பட்டால் தோல் மீண்டும் வளர்கிறது. எலும்பு முறிந்தால் நாளடைவில் கூடிவிடுகிறது. பற்சிப்பியில் ஒரு முறை குழி விழுந்துவிட்டால் அது மீண்டும் வளர்வதே இல்லை.

இதற்கான காரணத்தைப் பற்சிப்பியின் அமைப்பிலேயே காணலாம். அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமமாகும்; எஞ்சியிருப்பது நீரும் சிறிதளவு புரதமுமே. கால்சியமும் பாஸ்பேட்டும் இணைந்து உருவான ஹைட்ராக்சிஅபடைட் என்னும் நுண்ணிய படிகங்கள் அதில் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. கடைவாய்ப் பற்களின் முகடுகளில் இப்படலம் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் தடிப்புடன் இருக்கும். ஈறை நெருங்க நெருங்க மெலிந்துவிடும். அதன் அடியில் டென்டின் என்னும் சற்று மென்மையான பகுதியும், அதற்கும் உள்ளே நரம்புகளும் இரத்தக் குழாய்களும் நிறைந்த பற்கூழும் உள்ளன. பற்சிப்பியில் நரம்பும் இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை, உயிரணுக்களும் இல்லை.

பற்சிப்பியை உருவாக்கும் உயிரணுக்கள், பல் ஈறுக்குள் மறைந்திருக்கும்போதே தம் பணியை முடித்துவிடுகின்றன. பல் ஈறைப் பிளந்துகொண்டு வெளியே வரும்போது அவை அழிந்துவிடுகின்றன. முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் ஏறக்குறைய ஆறு வயதில் முளைக்கிறது. இரண்டாவது கடைவாய்ப் பல் பன்னிரண்டு வயதளவில் முளைக்கிறது. ஞானப் பற்களைத் தவிர்த்த மற்ற நிரந்தரப் பற்கள் யாவும் பெரும்பாலும் பதின்மூன்று வயதிற்குள் வந்துவிடுகின்றன. எனவே, இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவரின் வாயில் இன்று இருக்கும் பற்சிப்பிதான் அவரது முதுமை வரைக்கும் உடன்வர வேண்டும். மேலும், புதிதாக முளைத்த பல்லின் பற்சிப்பி முழுமையாக முதிர்ந்திருக்காது. அது உமிழ்நீரிலிருந்து கனிமங்களைப் பெற்றுச் சிறிது சிறிதாகவே உறுதியடைகிறது. பதின்ம வயதில் பற்களுக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுவது இதனால்தான்.

இவ்வளவு கடினமான பொருள் எவ்வாறு சிதைகிறது? கல்லையும் கரைக்கும் அமிலமே இதற்குக் காரணம். வாயில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை பல்லின் மேல் ஒட்டும் தன்மையுள்ள மெல்லிய படலமாகப் படிகின்றன. இதனைப் பற்படலம் என்பர். மனிதர் உண்ணும் சீனியையும் மாவுப்பொருளையும் இந்நுண்ணுயிர்கள் உணவாகக் கொண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. இனிப்பு வாய்க்குள் சென்ற சில நிமிடங்களிலேயே பல்லின் மேற்பரப்பில் அமிலத்தன்மை கூடிவிடுகிறது. அமிலத்தின் வலிமையைக் காட்டும் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது பற்சிப்பியிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்குகின்றன.

இந்த இழப்பை ஈடுசெய்ய இயற்கை தந்த துணைதான் உமிழ்நீர். அது உணவுத் துகள்களைக் கழுவி, அமிலத்தின் வலிமையைக் குறைக்கிறது. அதோடு, தன்னில் கரைந்துள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பற்சிப்பிக்குத் திருப்பித் தருகிறது. கரைந்துபோன இடத்தில் கனிமம் மீண்டும் படிகிறது. ஆனால், உமிழ்நீர் தன் பணியை முடிக்க அதற்குக் கால அவகாசம் வேண்டும். இனிப்பை உண்ட பின் வாயின் நிலை சீராவதற்குப் பொதுவாக அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். இவ்வாறு ஒவ்வொரு நாளும் பற்சிப்பி கனிமத்தை இழப்பதும் பெறுவதுமாக இருக்கிறது. வரவும் செலவும் ஒத்திருக்கும் வரை பல்லுக்குத் தீங்கில்லை. செலவு தொடர்ந்து மிகும்போதுதான் பற்சொத்தை உருவாகிறது.

ஆகவே, ஒருவர் எவ்வளவு இனிப்பு உண்கிறார் என்பதைப் போலவே, எத்தனை முறை உண்கிறார் என்பதும் முக்கியமாகிறது. எடுத்துக்காட்டாக, இரண்டு மாணவர்கள் ஒரே அளவுள்ள இனிப்புப் பானத்தை வாங்குகிறார்கள் என்று கொள்வோம். ஒருவர் ஓய்வு நேரத்தில் உணவோடு சேர்த்து அதனைப் பருகி முடித்துவிடுகிறார். மற்றவர் புட்டியை அருகில் வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் சிறிது சிறிதாக உறிஞ்சுகிறார். இருவரும் உட்கொண்ட சீனியின் அளவு ஒன்றே. எனினும், முதலாமவரின் பற்கள் ஒரு முறை மட்டுமே அமிலத்தை எதிர்கொள்கின்றன. பிறகு உமிழ்நீர் அவற்றைச் சீராக்கிவிடுகிறது. இரண்டாமவரின் பற்களோ மூன்று மணி நேரமும் அமிலத்தில் நனைந்துகொண்டே இருக்கின்றன. உமிழ்நீர் ஒவ்வொரு முறை மீட்கத் தொடங்கும்போதும் அடுத்த மிடறு வந்து சேர்ந்துவிடுகிறது.

இவ்வுண்மைக்கு வலுவூட்டிய ஆய்வு ஒன்று 1940ஆம் ஆண்டுகளின் பிற்பாதியில் சுவீடன் நாட்டில் நடைபெற்றது. வீப்பேஹோல்ம் மருத்துவமனையில் வாழ்ந்த நோயாளிகளில் சிலருக்கு உணவோடு சீனி தரப்பட்டது. வேறு சிலருக்கு உணவு வேளைகளுக்கு இடையே ஒட்டும் தன்மையுள்ள மிட்டாய்கள் தரப்பட்டன. உணவோடு சீனி உண்டவர்களைவிட, இடையிடையே மிட்டாய் உண்டவர்களுக்கே பற்சொத்தை மிகுதியாக ஏற்பட்டது. அறிவுத்திறன் குறைபாடுடைய அந்நோயாளிகளின் ஒப்புதல் பெறப்படாமலேயே அவர்களின் பற்கள் கெடுமாறு செய்யப்பட்டதால், இவ்வாய்வு இன்று வன்மையாகக் கண்டிக்கப்படுகிறது. எனினும், அதில் தெரியவந்த உண்மை மறுக்கப்படவில்லை. பிள்ளைகளுக்கு வாரத்தில் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் தரும் வழக்கம் அதன் பின்னரே அந்நாட்டில் பரவியது.

நுண்ணுயிர்களின் துணையின்றி நேரடியாகவே பற்சிப்பியைத் தேய்க்கும் உணவுகளும் உள்ளன. எலுமிச்சைச் சாறு, புளிப்பூட்டிய பழச்சாறு, காற்றடைத்த பானம் ஆகியவை அவற்றுள் சில. கோலா வகைப் பானங்களின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 2.5 ஆகும். சீனி சேர்க்கப்படாத பானம் என்றாலும் அதில் அமிலம் இருக்கவே செய்கிறது. இத்தகைய பானத்தைப் பருகியவுடன் பல் துலக்குவது நல்லது என்று சிலர் எண்ணுகின்றனர். அமிலம் பட்டு மென்மையாகிப்போன பற்சிப்பியைத் தூரிகையால் தேய்த்தால் அது மேலும் தேய்ந்துபோகக்கூடும். முதலில் வெறும் நீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரத்திற்குப் பின் பல் துலக்குவதே பாதுகாப்பானது.

பற்சிப்பியைக் காப்பதில் புளோரைடு என்னும் கனிமத்திற்குத் தனி இடம் உண்டு. கரைந்த கனிமம் மீண்டும் படியும்போது புளோரைடும் உடன் சேர்ந்தால், முன்பைவிட எளிதில் கரையாத படிகங்கள் உருவாகின்றன. 1945ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில், உலகிலேயே முதன்முறையாக, பற்களைக் காக்கும் நோக்கில் ஒரு நகரத்தின் குடிநீரில் புளோரைடு சேர்க்கப்பட்டது. அதன் பின் அங்குப் பிறந்த குழந்தைகளிடையே பற்சொத்தை பாதிக்கும் மேல் குறைந்தது. மலேசியாவில் 1972ஆம் ஆண்டு இத்திட்டத்தை நாடு முழுவதும் செயல்படுத்த அரசாங்கம் முடிவு செய்தது. சிங்கப்பூரிலும் குழாய் நீரில் புளோரைடு சேர்க்கப்படுகிறது. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் மட்டுமே சேர்க்கப்படுகிறது. பற்கள் உருவாகும் இளம் பருவத்தில் புளோரைடு அளவுக்கு மீறினால் பற்சிப்பியில் வெண்புள்ளிகளோ கறைகளோ தோன்றும். எனவே, இங்கும் அளவே மருந்தாகிறது.

அன்றாடப் பராமரிப்பில் புளோரைடு கலந்த பற்பசை பெருந்துணை புரிகிறது. காலையிலும் இரவு உறங்கப் போகும் முன்னும் இரண்டு நிமிடம் மென்மையான தூரிகையால் பல் துலக்க வேண்டும். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பிவிட்டால் போதும். நிறைய நீரால் கொப்பளித்தால் புளோரைடும் கழுவப்பட்டுவிடும். இரவில் துலக்குவது மிகவும் இன்றியமையாதது. உறக்கத்தின்போது உமிழ்நீர்ச் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடுவதால், பல்லிடுக்கில் தங்கிய உணவு விடியும் வரை அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பால்புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தைகளின் முன்பற்கள் சொத்தையாவதும் இதனால்தான்.

அழுத்தித் தேய்த்தால் பல் வெண்மையாகும் என்ற எண்ணமும் தவறானது. முற்காலத்தில் கரித்தூளாலும் செங்கல் தூளாலும் பல் துலக்கியோர் உண்டு. இன்று அதே கரி, கவர்ச்சியான குழாய்களில் அடைக்கப்பட்டுப் பற்களை வெண்மையாக்கும் பசையாக விற்கப்படுகிறது. சொரசொரப்பான பொருள் மேற்கறையை நீக்கலாம். ஆனால், அதனோடு பற்சிப்பியையும் சிறிது சிறிதாகத் தேய்த்துவிடக்கூடும். பற்சிப்பி மெலிந்தால் அதன் அடியிலுள்ள டென்டினின் மஞ்சள் நிறம் வெளியே தெரியத் தொடங்கும். வெண்மையைத் தேடிப் போனவர் மஞ்சள் பல்லைப் பெறுவார்.

பற்சிப்பி சிதைவதன் முதல் அறிகுறி வலியன்று. ஈறின் ஓரத்தில் சுண்ணாம்பு பூசியதைப் போன்ற மங்கலான வெண்திட்டு தோன்றும். அங்குக் கனிமம் குறைந்திருந்தாலும் மேற்பரப்பு இன்னும் உடையாமல் இருக்கும். இந்நிலையில் இனிப்பைக் குறைத்து, புளோரைடு பற்பசையை முறையாகப் பயன்படுத்தினால் சிதைவைத் தடுத்து நிறுத்தலாம். கவனியாது விட்டால் மேற்பரப்பு உடைந்து குழி விழும். அதன் பிறகு பல் மருத்துவர் குழியைத் தூய்மைப்படுத்தி அடைக்க முடியுமே தவிர, இழந்த பற்சிப்பியை மீட்டுத் தர இயலாது. நரம்பு இல்லாததால் பற்சிப்பி வலியை உணர்த்தாது. பல்லில் வலி எடுக்கும்போது சிதைவு பெரும்பாலும் கவசத்தைத் தாண்டி உள்ளே சென்றிருக்கும். பல் மருத்துவர் பள்ளிக்கு வரும்போது, வலி இல்லை என்று கூறிப் பரிசோதனையைத் தவிர்ப்பது அறிவுடைமை ஆகாது.

பற்சிப்பியைக் காக்கப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. இனிப்பை உணவு வேளையோடு நிறுத்திக்கொள்வதும், இடைப்பட்ட நேரத்தில் வெறும் நீரைப் பருகுவதும், நாளுக்கு இரு முறை முறையாகப் பல் துலக்குவதும் எவர்க்கும் இயலக்கூடியவை. உமிழ்நீர் தன் பணியைச் செய்ய அவகாசம் அளித்தாலே பாதிப் பாதுகாப்பு கிடைத்துவிடும். வாழ்நாளில் ஒரு முறை மட்டுமே கிடைக்கும் இக்கவசத்தைப் பதின்ம வயதிலேயே பேணத் தொடங்குபவர், முதுமையிலும் தம் சொந்தப் பற்களால் உணவைச் சுவைத்து மகிழ்வர்.