50 டிகிரி இடைவெளியில் பன்னிரண்டு அடுக்கு

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீனப் புத்தாண்டு நெருங்கிவிட்டால் கடைத்தெருவெங்கும் சிவப்பும் தங்கமும்தான். கூடவே அந்த ஆண்டுக்குரிய விலங்கும் வந்துவிடும். எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்று ஆண்டுக்கு ஒன்றாக முறை வைத்து வருவது சீன ராசிச் சக்கரம். அதில் 2026 பிப்ரவரி 17 அன்று பிறப்பது குதிரை ஆண்டு. விருந்தினருக்கு எடுத்து வைக்கும் இனிப்பிலும் ராசி விலங்கு இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு அகர் அகரைப் போல் தோதான பண்டம் கிடையாது. வண்ண வண்ணமாக அடுக்கலாம், எந்த அச்சிலும் வார்க்கலாம், துண்டு போட்டால் விளிம்பு சிதையாது.

தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் ‘சைனா கிராஸ்’ என்று கேட்டால் தருவது இதைத்தான். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் நோன்பு திறக்கும்போது சாப்பிடும் கடல்பாசியும் இதுதான். 2026இல் ரமலான் நோன்பும் குதிரை ஆண்டு பிறக்கும் அதே அமாவாசையை ஒட்டியே தொடங்குகிறது. கடலில் வளரும் செம்பாசியிலிருந்து எடுப்பது அகர். விலங்குப் பொருள் எதுவும் அதில் இல்லை. எனவே சைவக்காரர்கள், முஸ்லிம்கள், பௌத்தர்கள் எல்லோருமே தயங்காமல் சாப்பிடலாம். ஒருவர் பண்டிகைக்கு இன்னொருவர் போய்வரும் ஊர்களில் இது சின்ன விஷயமல்ல.

அடுக்கு அகர் அகரின் அழகெல்லாம் கைத்திறன் என்றுதான் தோன்றும். கைத்திறன் வேண்டும்தான். ஆனால் அதற்கு இடம் கொடுப்பது அகருக்கே உரிய ஒரு குணம்: அது உறையும் சூடு வேறு, உருகும் சூடு வேறு.

சேர்வது எளிது, பிரிவது கடினம்

தண்ணீர் 0 டிகிரியில் உறைகிறது. பனிக்கட்டி அதே 0 டிகிரியில் உருகுகிறது. அகர் அப்படியல்ல. கொதிக்க வைத்துக் கரைத்த அகர் 32 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை ஆறினால்தான் உறையும். உறைந்ததை மறுபடி உருக்க 85 டிகிரியாவது வேண்டும். இடையில் ஏறத்தாழ 50 டிகிரி. 60 டிகிரியில் இருக்கும் அகர் திரவமா, கட்டியா என்று கேட்டால் அதன் முன்கதையைத்தான் கேட்க வேண்டும். கொதிநிலையிலிருந்து இறங்கி வந்ததென்றால் திரவம். உறைந்த பிறகு சூடேறி வந்ததென்றால் கட்டி. இயற்பியல் பாடத்தில் காந்தத்துக்குச் சொல்லும் ‘தயக்கம்’ என்ற குணத்தின் இன்னொரு வடிவம் இது.

காரணம் அகரோஸ். அகரின் பெரும்பகுதி அதுதான். காலக்டோஸ் சர்க்கரையும் அதன் உறவுச் சர்க்கரை ஒன்றும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி. கொதிநீரில் இந்தச் சங்கிலிகள் தனித்தனியே நெளிந்து திரியும். சூடு இறங்க இறங்க, இரண்டிரண்டாகச் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். பிறகு, புரிகளைச் சேர்த்து வடம் திரிப்பது போல, முறுக்கிய இழைகள் பலவும் அணைந்து தடித்த கட்டுகளாகும். கட்டுகள் கிளைத்து வலையாகும். வலைக்குள் தண்ணீர் சிக்கிக்கொள்ளும். நூறு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு அகர் இருந்தாலே கத்தியால் அறுக்கும்படி கெட்டியாவது இதனால்தான். இழைகள் சேர 40 டிகிரிக்கு ஆறினால் போதும். வடமாகத் திரண்டபின் பிரிக்க வேண்டுமானால் எண்ணற்ற ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒருசேர அறுபட வேண்டும். அதற்குத்தான் 85 டிகிரி.

சமையலறையிலிருந்து ஆய்வகத்துக்கு

இந்த இடைவெளியின் பயனை அறிவியல் உலகம் கற்றதே ஒரு சமையலறையிலிருந்துதான். 1881இல் பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வால்தர் ஹெஸ் என்ற மருத்துவர் நுண்ணுயிர்களை வளர்க்கப் போராடிக்கொண்டிருந்தார். அன்று வழக்கத்தில் இருந்தது ஜெலட்டின் தளம். ஜெலட்டின் விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கும் புரதம். கோடை வெயிலிலேயே இளகிவிடும். நோய்க்கிருமிகள் செழிக்கும் 37 டிகிரியில் அது நிற்காது. போதாக்குறைக்குப் பல பாக்டீரியாக்கள் அதைச் செரித்துத் தண்ணீராக்கிவிடும்.

தீர்வு சொன்னவர் அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த அவருக்கு, ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சு அண்டை வீட்டார் மூலம் அகர் அகர் பழக்கமாகியிருந்தது. வெயில் காலத்திலும் இளகாத இனிப்புகளை அதில் செய்துவந்தார். அதையே ஆய்வகத்திலும் போட்டுப் பார்க்கலாமே என்றார். 37 டிகிரியில் அகர் அசையவில்லை. பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைச் செரிக்கவும் முடியவில்லை. 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோக் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அகர் இடம்பெற்றது; ஃபேனியின் பெயர் இடம்பெறவில்லை. இன்று எந்த மருத்துவமனையிலும் ‘கல்ச்சர் டெஸ்ட்’ என்று எழுதிக் கொடுத்தால், அந்த மாதிரி பெரும்பாலும் போய்ச் சேருவது அகர் தட்டுக்குத்தான். நுண்ணுயிரியல் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் முதல் வகுப்பிலேயே கேட்க வேண்டிய பெயர் ஃபேனி ஹெஸ்.

அடுக்குவது எப்படி

ராசிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஓர் அடுக்கு வார்க்க 200 மில்லி வேண்டும். பன்னிரண்டுக்கு 2.4 லிட்டர், ஆறு சென்டிமீட்டர் உயரம். லிட்டருக்கு 10 கிராம் என்ற கணக்கில் அகர் பொடி 24 கிராம். அதைக் குளிர்ந்த நீரில் கலக்கி அடுப்பேற்றி, கரண்டியின் முதுகில் ஒரு துகள்கூடத் தென்படாமல் போகும் வரை கொதிக்கவிட வேண்டும். சர்க்கரையை அதன் பிறகுதான் போட வேண்டும். முதலிலேயே போட்டால் அது தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அகர் முழுதாகக் கரையாது.

கவிழ்த்து எடுக்கும் இனிப்பு என்பதால் முதலில் வார்ப்பதுதான் கடைசியில் மேலே வரும். ஆகவே குதிரையிலிருந்து தொடங்க வேண்டும். தனித்தட்டில் சிவப்பு அகரை மெல்லிசாக உறைய வைத்து, அச்சால் குதிரை உருவங்களை வெட்டித் தட்டின் அடியில் குப்புற அடுக்கி, மேலே நிறமில்லாத அகரை ஊற்றிவிட்டால் முகப்பு தயார். உருவம் உருகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். 60 டிகிரிக்கு ஆறிய அகரை 35 டிகிரியில் இருக்கும் அடுக்கின் மேல் ஊற்றினால், இரண்டும் தொடும் இடத்தில் சூடு 50 டிகிரியைக்கூட எட்டாது. உருகுவதற்கு இன்னும் 35 டிகிரிக்கு மேல் பாக்கி. இதையே ஜெலட்டினில் செய்தால் கீழ் அடுக்கு கரைந்து நிறம் கலங்கிவிடும்; ஒவ்வொரு அடுக்கையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இறுக்கிக்கொண்டே போக வேண்டும்.

நேரம் பார்த்து ஊற்றுவதில்தான் நுட்பம். உறைந்த அகர் நேரம் ஆக ஆகத் தன்னிடமுள்ள தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியவிடும். முழுதும் ஆறி இறுகிய அடுக்கின் மேல் அந்த ஈரப்படலம் படிந்திருக்கும்; அதன்மேல் ஊற்றிய புது அடுக்கு ஒட்டாமல், துண்டு போடும்போது வழுக்கித் தனியே வந்துவிடும். சீக்கிரமே ஊற்றினாலோ இரண்டும் கலந்துவிடும். மேற்பரப்பை விரல் நுனியால் தொட்டால் லேசாக ஒட்ட வேண்டும். தட்டை ஆட்டினால் அதிர வேண்டும், அலையக் கூடாது. அதுதான் பதம். அப்போது கீழ் அடுக்கின் மேற்பரப்பில் இழைகள் இன்னும் முழுதாகக் கட்டுப்படவில்லை. மேலே வரும் இழைகளோடு பின்னிக்கொள்ள இடமிருக்கிறது. கரண்டியின் முதுகில் ஊற்றி வழியவிட்டால் வேகத்தில் குழி விழாது. காத்திருக்கும் அகரை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். பதம் தவறி அடுக்கு இறுகிவிட்டால் ஈரத்தை ஒற்றியெடுத்து, முள்கரண்டியால் மேலே லேசாகக் கீறிவிட்டு ஊற்றலாம்.

தானே பிரியும் தேங்காய்ப்பால்

வெள்ளை அடுக்குக்குத் தேங்காய்ப்பால். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய எண்ணெய்த் துளிகள்தான் தேங்காய்ப்பால். துளிகள் ஒன்று சேர்ந்துவிடாமல் அவற்றைச் சுற்றிப் புரதம் காவல் இருக்கிறது. 80 டிகிரியைத் தாண்டினால் அந்தப் புரதம் திரியத் தொடங்கும், காவல் தளரும், துளிகள் கூடிப் பெரிதாகி மேலே எழும். சீரான வெள்ளை வேண்டுமானால் தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிடாமல் தனியே வெதுவெதுப்பாக்கி, அடுப்பிலிருந்து இறக்கிய அகரில் கலக்க வேண்டும். குளிர்ந்த பாலை ஊற்றினால் அகர் அங்கங்கே உறைந்து கட்டி தட்டும்.

மலாய் வீடுகளில் இந்தக் குறையையே கலையாக்கியிருக்கிறார்கள். அகரோடு தேங்காய்ப்பாலையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு அப்படியே தட்டில் ஊற்றி ஆறவிடுவார்கள். கொழுப்பு மேலே எழும்பி வெண்மையாகவும் அடிப்பகுதி தெளிவாகவும் பிரியும் வேளையில் அகர் உறைந்து அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். ஒரே ஊற்றில் இரண்டு அடுக்கு.

நீல அடுக்குக்குச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்த சாறு. அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். பூவிலுள்ள ஆந்தோசயனின் நிறமி அமிலத்தைக் கண்டால் வடிவம் மாறுவதே காரணம். அகரையும் புளிப்பையும் சேர்த்துக் கொதிக்கவிடக் கூடாது. சூடும் அமிலமும் சேர்ந்து அகரோஸ் சங்கிலியைத் துண்டாக்கிவிடும். இறக்கிய பிறகு பிழியலாம். சீனப் புத்தாண்டில் செல்வத்தின் அடையாளமாகக் கருதும் அன்னாசியையும் அப்போதே சேர்க்கலாம். பச்சை அன்னாசியில் உள்ள புரோமெலைன் நொதி புரதத்தை அறுப்பதால் ஜெலட்டின் உறையவே உறையாது; அகர் புரதமல்ல, அதற்குப் பாதிப்பில்லை.

அடுக்கி முடித்ததை அன்றே பரிமாறுவது நல்லது. அகர் வலையின் கண்கள் சாய மூலக்கூறுகளுக்கு மிகப் பெரியவை. ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை நிறம் பக்கத்து அடுக்குக்குள் ஊர்ந்துவிடும். தேங்காய் எண்ணெய்த் துளிகளோ அந்தக் கண்களுக்குள் நுழைய முடியாத அளவு பெரியவை. அதனால் வெள்ளை தன் இடத்திலேயே நிற்கும். ஆய்வகங்களில் டி.என்.ஏ. துண்டுகளை அளவு வாரியாகப் பிரிப்பதும் இதே வலைதான். மின்புலத்தில் சிறு துண்டு விரைந்து ஓடும், பெரியது பின்தங்கும்.

மன்னார் வளைகுடாவின் பெண்கள்

இவ்வளவு வேலை செய்யும் அகர் இன்றும் கடலிலிருந்துதான் வருகிறது. இந்தியாவில் அதன் முக்கியக் களம் மன்னார் வளைகுடா. பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்து ஊர்களின் பெண்கள் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் பாறைகளில் பறித்துக் காயவைக்கிறார்கள். மதுரைப் பக்கத்து ஆலைகள் அதிலிருந்து அகர் எடுக்கின்றன. கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, மூச்சைப் பிடித்து மூழ்கிப் பறிக்கும் வேலை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் மட்டும் கடலில் இறங்குவது, பாசி மறுபடி தழைக்கச் சில வாரங்கள் ஒதுங்கியிருப்பது என்று அந்தப் பெண்களே தங்களுக்குள் கட்டுப்பாடும் வகுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் பறிக்கும் கடலில்தான் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. தீவுகளை நெருங்கத் தடை வந்ததும், பாசிக்காரப் பெண்களின் பிழைப்பும் கடலின் பாதுகாப்பும் எதிரெதிரே நின்றன. கடலைக் காக்கத்தான் வேண்டும். ஆனால் எந்தப் பாறையில் எந்தப் பருவத்தில் எவ்வளவு பறித்தால் பாசி திரும்ப வளரும் என்ற அறிவு அவர்கள் கையில் இருக்கிறது. ஃபேனி ஹெஸ்ஸின் அறிவு சமையலறை அறிவுதானே என்று அன்று வால்தர் தள்ளியிருந்தால் நுண்ணுயிரியல் எத்தனையோ ஆண்டு பின்தங்கியிருக்கும். பாசிக்காரப் பெண்களின் அறிவையும் அதே மதிப்போடு கேட்டு, அவர்களையும் உட்காரவைத்துத் திட்டம் தீட்டினால் பாசியும் மிஞ்சும், அவர்கள் பிழைப்பும் மிஞ்சும்.