வயிற்றுப்போக்குக்குப் பின் கால் தளர்ந்தால்

2025 ஜனவரியில் புனேயின் சிங்ககட் சாலையை ஒட்டிய நாந்தேட், கிர்கட்வாடி போன்ற பகுதிகளில் பலருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அடுத்த சில நாட்களில் அவர்களில் சிலருக்குக் கால் மரத்து, எழுந்து நிற்கவும் முடியாமல் போனது. கில்லன் பாரே நோய், சுருக்கமாக ஜிபிஎஸ், என்று உறுதியானவர்களும் சந்தேகிக்கப்பட்டவர்களுமாக 200-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். பல நோயாளிகளின் மலத்தில், அசுத்த நீரில் பரவும் கம்பைலோபாக்டர் ஜெஜுனி என்ற பாக்டீரியா இருந்தது. கெட்ட தண்ணீரின் பாதிப்பு வயிற்றோடு நின்றுவிடும் என்ற நம் எண்ணம் தவறு. அது நரம்பையும் முடக்கும். இந்தப் பாக்டீரியாவின் வெளியுறையில் உள்ள ஒரு பொருள், நம் நரம்பின் மேலுள்ள ஜிஎம்1 என்ற பொருளை ஒத்திருக்கிறது. கிருமியை அழிக்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் நரம்பையும் சேர்த்துத் தாக்குகிறது. இது ஊகமல்ல. வட சீனக் கிராமங்களில் கோடைதோறும் குழந்தைகளை முடக்கிய நோயை 1990-களில் ஆராய்ந்தவர்கள் இதே கிருமியின் தடயத்தைக் கண்டார்கள். ஜப்பானின் நோபுஹிரோ யூகி குழு 2004-ல் அந்த வெளியுறைப் பொருளை முயல்களுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் கால் தளர்ந்தது.

தொற்று கண்ட ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தானே ஜிபிஎஸ் வருகிறது, எதற்கு இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். ஒரு வீட்டைப் பொறுத்தவரை அது அரிய நோய்தான். பல்லாயிரம் பேர் ஒரே நீராதாரத்தை நம்பியிருக்கும் இடத்தில் அந்தக் கணக்கு மருத்துவமனை வார்டுகளை நிரப்பிவிடும். ஐதராபாத்தின் போவன்பள்ளிக்கும் இது பொருந்தும். விட்டுவிட்டு வரும் குடிநீரில், அழுத்தம் குறையும் நேரத்தில், கசிவு வழியே சாக்கடை நீர் குடிநீர்க் குழாய்க்குள் இழுபடும். இதே நகரின் போலக்பூரில் 2009 மே மாதம் அசுத்தக் குடிநீரால் பலர் இறந்தார்கள். போவன்பள்ளியிலோ, பழைய போவன்பள்ளி மாநகராட்சி எல்லையிலும் புதிய போவன்பள்ளி செகந்திராபாத் கன்டோன்மென்ட் போர்டின் கீழும் இருப்பதால், பொறுப்பைக் கைமாற்றிவிட வழியுண்டு. உங்கள் தெருக்குழாய் யாருடையது என்று இப்போதே கேட்டு வையுங்கள். ஐதராபாத் குடிநீர் வாரிய இணைப்பென்றால் 155313-ல் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கன்டோன்மென்ட் போர்டு இணைப்பென்றால் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மாசற்ற நீர் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று சுபாஷ் குமார் வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கத்தான் வேண்டும். ஆனால் அப்படி அறிவுரை சொல்வதோடு நிர்வாகத்தின் கடமை முடிந்துவிடாது. இக்கிருமி கோழிக்கறி வழியாகவும் பரவும். அதற்காகக் கோழிக்கறியை விட வேண்டியதில்லை, நன்றாக வெந்தால் கிருமி சாகும். பச்சைக்கறி வெட்டிய கத்தியைக் கழுவாமல் காய்கறியில் வைக்காதீர்கள்.

ஆன்டிபயாடிக் போட்டால் தீராதா என்பது அடுத்த கேள்வி. கால் தளரும் கட்டத்தில் தாக்குவது நம் எதிர்ப்பொருள்தான், அதை ஆன்டிபயாடிக் நிறுத்தாது. ஸ்டீராய்டும் பலன் தருவதில்லை. இம்யூனோகுளோபுலின் ஊசியும் பிளாஸ்மா மாற்றமுமே நிரூபணமான சிகிச்சைகள். இரண்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. அதே சமயம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற எல்லா நரம்பு நோய்க்கும் குடல் கிருமியே காரணம் என்று சொல்லி விற்கப்படும் குடல் சுத்திகரிப்பு மருந்துகளை வாங்காதீர்கள். அங்கே இவ்வளவு உறுதியான ஆதாரம் இல்லை. செலவு லட்சங்களில் போகலாம் என்பதால், தெலங்கானா அரசின் ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டுத் திட்ட மருத்துவமனையில் சேரும் அன்றே, அங்குள்ள திட்ட உதவியாளரான ஆரோக்கியமித்ராவிடம் கேளுங்கள். முன்பணம் இல்லை என்று அவசர நோயாளியைத் திருப்பி அனுப்ப முடியாது. உயிர்காக்கும் கடமை அரசு, தனியார் எல்லா மருத்துவருக்கும் உண்டு என்பது 1989-ன் பரமானந்த் கடாரா தீர்ப்பு. வயிற்றுப்போக்கு வந்து சில வாரங்களுக்குள் இரு கால்களும் தளர்ந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். முன்பு வயிறு கெட்டிருந்ததையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.