கொம்பு வச்ச தொப்பியும் மூழ்கிப்போன கப்பலும்

போன வாரம் மாமா பையன் போன் பண்ணினான். "மச்சான், நார்வேலதானே இருக்க, ஊருக்கு வரும்போது வைக்கிங் தொப்பி ஒண்ணு வாங்கிட்டு வாடா. கொம்பு வச்சது. ஒரிஜினலா இருக்கணும், டூப்ளிகேட் வேணாம்."

இதுல ரெண்டு சிக்கல் மக்களே. ஒண்ணு, ஒரிஜினல்ல கொம்பே கிடையாது! 1876ல ஜெர்மனியில வாக்னரோட ஓப்பராவுக்கு உடை வடிவமைச்ச டோப்ளர்ங்கிற ஓவியர் மாட்டிவிட்ட கொம்பு, இன்னைக்கு வரைக்கும் கழட்ட முடியல. நார்வேல 1943ல கிடைச்ச யெர்முண்ட்பு தலைக்கவசம் வெறும் இரும்புக் குல்லா, கண்ணைச் சுத்தி மூக்குக்கண்ணாடி மாதிரி ஒரு தடுப்பு. அவ்ளோதான். ரெண்டாவது சிக்கல், நம்ம பர்ஸ். மாணவனாச்சே!

நகல்னா மட்டமா நினைக்கிற ஆளுதான் நானும். ஆஸ்லோ வந்ததும் ஊசெபர்க் கப்பலைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டேன். ஆனா பிக்டோய்ல இருக்கிற அந்த அருங்காட்சியகத்தை விரிவாக்க வேலைக்காக 2022லயே மூடிட்டாங்க. சரி, நகலாவது பார்ப்போம்னு ஒரு சனிக்கிழமை ரயிலேறி டோன்ஸ்பெர்க் போனேன். அரை மனசோடதான்.

கதை என்னன்னா, 1904ல டோன்ஸ்பெர்க் பக்கத்துல ஒரு மண்மேட்டைத் தோண்டி இந்தக் கப்பலை எடுத்தாங்க. கி.பி. 834ல ரெண்டு பெண்களை இதுல வச்சுப் புதைச்சிருக்காங்க. கிட்டத்தட்ட இருபத்தோரு மீட்டர் நீளம், ஓக் மரம், முனையில பாம்பு மாதிரி சுருண்ட செதுக்கல். மேலே கிடந்த கல்லும் மண்ணும் நசுக்கினதுல கப்பல் ஆயிரக்கணக்கான துண்டாயிருந்துச்சு. அதையெல்லாம் பொறுமையா ஒட்டவச்சு நிறுத்தினாங்க. உலகமே வந்து பார்த்துச்சு.

1987ல அதே அளவெடுத்து ஒரு நகல் கட்டினாங்க. 1988ல கடல்ல ஓட்டிப் பார்த்தா... மூழ்கிடுச்சு. அப்ப எல்லாரும் என்ன நினைச்சிருப்பாங்க? கட்டினவனுக்குத் தெரியல, இல்லன்னா இது கடலுக்கான கப்பலே இல்ல, சும்மா அலங்காரத்துக்குன்னு. ஆனா பிரச்சனை அருங்காட்சியகத்துல இருந்த ஒரிஜினல்ல! 2006ல லேசர் வச்சு அளந்து, துண்டுகளை மறுபடி பொருத்திப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது, நூறு வருஷம் முன்னாடி ஒட்டினப்ப முன்பக்க வடிவம் தப்பாயிடுச்சுன்னு. நகல் மூழ்கலைன்னா அந்தத் தப்பு இன்னும் எத்தனை வருஷம் கண்ணாடி மாதிரி பளபளன்னு நின்னுட்டிருக்குமோ!

திருத்தின வடிவத்துல மறுபடி கட்டி 2012 ஜூன்ல தண்ணில இறக்கினாங்க. பழைய காலத்துக் கருவிகள்தான். ரம்பம் இல்ல, கோடாலியால செதுக்கின பலகை. ஒரு பலகை மேல இன்னொண்ணு ஏறி உட்கார, நடுவுல தார் தோய்ச்ச கம்பளி, மேல இரும்பு ஆணி. இந்தத் தடவை ஓடுச்சு. நான் போனப்ப கரையோரமா கட்டிப் போட்டிருந்தாங்க. கிட்டப் போகும்போதே தார் வாசனை. கோடாலி பட்ட தடம் பலகையில அலை அலையா தெரியுது. தொட்டுப் பார்த்தேன், யாரும் திட்டல.

இன்னொரு விஷயம், வேதியியல் படிக்கிறவன்ங்கிறதால இதைச் சொல்லியே ஆகணும். கப்பலோட கிடைச்ச பனிச்சறுக்கு வண்டி, செதுக்கின மரச்சாமான் பலதை அப்போ படிகாரக் கரைசல்ல கொதிக்க வச்சுப் பதப்படுத்தினாங்க. ஆமா, நம்ம சலூன்ல ஷேவிங் முடிஞ்சதும் தேய்ப்பாங்களே, அதே படிகாரம்தான். நனைஞ்ச மரம் சுருங்காம இருக்க அன்னைக்கு அதுதான் வழி. ஆனா கொதிக்க வச்சப்ப கந்தக அமிலம் உண்டாகி, நூறு வருஷமா மரத்தை உள்ளுக்குள்ளயே அரிச்சிட்டிருக்கு. வெளியில செதுக்கல் அழகா இருக்கும், உள்ளே சில இடம் வெறும் பொடி. அதைக் காப்பாத்த 2014ல தனியா ஒரு ஆராய்ச்சித் திட்டமே ஆரம்பிச்சாங்க. நல்லதுன்னு நினைச்சுப் பண்ணினது! கப்பல் தப்பிச்சுது, ஓக் மரம் கெட்டியா இருந்ததால அதுக்குப் படிகாரம் போடல.

திரும்பி வர்ற வழியில ஒரு கடையில தோரோட சுத்தியல் டாலரும் சிலுவை டாலரும் பக்கத்துல பக்கத்துல தொங்கிச்சு. சிரிக்காதீங்க, டென்மார்க்ல ட்ரென்ட்கோர்ட்ங்கிற இடத்துல பத்தாம் நூற்றாண்டு மாக்கல் அச்சு ஒண்ணு கிடைச்சிருக்கு. ஒரே அச்சுல சுத்தியலும் வார்க்கலாம், சிலுவையும் வார்க்கலாம். வாடிக்கையாளர் எந்த சாமி கேட்டாலும் கடைக்காரர் ரெடி!

ராத்திரி மச்சானுக்கு போன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன். கொம்பு, ஓப்பரா, லேசர், படிகாரம் ஒண்ணு விடல. பொறுமையா கேட்டுட்டு சொன்னான்:

"சரிடா, அப்ப கொம்பு இல்லாததே வாங்கிட்டு வா. கொம்பு நான் இங்க ஒட்டிக்கிறேன்."